காரணம் இழந்த காரணப்பெயர்கள்: அமிலம், காரம் பற்றிய ஒரு வரலாற்றாய்வு

1. முன்னுரை

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரண்டாகப் பகுத்தல் நன்னூல் கற்றார் அனைவரும் அறிந்ததே. ஒரு காரணம் கருதி இட்ட பெயர் நாட்டில் ஊன்றி நிலைத்த பின்னர், அக்காரணமே பிழை என்று தெரியவந்தால் அப்பெயரை எவ்வகையில் அடக்குவது? காரணப்பெயர் எனின், காரணம் போய்விட்டது. இடுகுறி எனின், அதன் உறுப்புகள் இன்னும் பொருள் தந்துகொண்டே நிற்கின்றன. இத்தகைய பெயர்கள் அறிவியல் மொழியில் பல உள. அவை கற்பாரைப் பிறழ்ந்த வழியிற் செலுத்தவும் வல்லன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதுகலை வகுப்பில் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இளங்கலையில் வேதியியல் பயின்று, தமிழார்வத்தால் எம் துறைக்கு வந்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, படிக்காரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதனை நீரிற் கரைத்து நீல லிட்மசுத் தாளைத் தோய்த்தால் தாள் சிவக்கிறது. சிவப்பது அமிலத்தின் குணமாயிற்றே. காரம் என்னும் பெயர் அதற்கு எப்படிப் பொருந்தும்?” என்று வினவினார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடிச் சென்றபொழுது கிடைத்த செய்திகளே இக்கட்டுரையாக அமைகின்றன. அமிலமும் காரமும் நீரில் எவ்வாறு ஒழுகுகின்றன என்பதை மேனாட்டறிஞர் படிப்படியாக அறிந்த வரலாற்றையும், அவ்வரலாற்றின் ஒவ்வொரு படியும் சொற்களில் விட்டுச்சென்ற சுவட்டையும் ஈண்டு ஆராய்வோம்.

2. சுவையும் நிறமும்

ஆராய்ச்சிச் சாலைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் இவ்விருவகைப் பொருள்களையும் நாவாலும் கையாலும் அறிந்திருந்தனர். இலத்தீன் மொழியில் ‘அசிடசு’ என்பது புளிப்பைக் குறிக்கும். அதுவே ஆங்கிலத்தில் ‘ஆசிட்’ ஆயிற்று. வடமொழியில் ‘அம்லம்’ என்பதும் புளிப்பே. நம் ‘அமிலம்’ அதன் வழிவந்தது. புளித்த நீரைக் குறிக்கும் ‘காடி’ என்னும் தமிழ்ச்சொல்லை அமிலத்திற்கு ஆள்வாரும் உளர். மூன்று மொழியினரும் தம்முள் கலந்து பேசாமலே நாவின் சான்றைக்கொண்டு ஒரே முடிவுக்கு வந்துள்ளனர்.

மற்றொரு வகைப் பொருளின் பெயர் சாம்பலிலிருந்து பிறந்தது. செடிகளை எரித்த சாம்பலை அரபியர் ‘கலி’ என்றனர்; ‘அல்’ என்னும் சுட்டு முன்னே சேர்ந்து ‘அல்கலி’ ஆயிற்று. சாம்பலைக் கரைத்த நீர் வழுவழுப்பானது, அழுக்கை அகற்றுவது. இவ்வியல்பைத் தமிழரும் பண்டே அறிந்திருந்தனர். புறநானூற்றின் 311ஆம் பாடல், களர்நிலத்துத் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி வெளுத்த தூய வெள்ளாடையைக் குறிப்பிடுகின்றது. ஆடை வெளுக்கக் களர்நிலத்து நீரை நாடிச் சென்றமை கருதத்தக்கது. இன்றும் வேளாண் துறையார் உப்பு மிக்க நிலத்தை உவர்நிலம் என்றும், சோடியம் ஏறிக் காரத்தன்மை மிக்க நிலத்தைக் களர்நிலம் என்றும் வேறுபடுத்தி வழங்குகின்றனர்.

சுவைத்துப் பார்த்தல் எல்லாப் பொருளுக்கும் இயலாது. ஆதலின் நிறம் துணைக்கு வந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த இராபர்ட்டு பாயில் என்பார் 1664ஆம் ஆண்டில் நிறங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், ஊதாப்பூச் சாறு அமிலத்தால் சிவப்பாகவும், காரத்தால் பச்சையாகவும் மாறுதலை விளக்கினார். நம் இல்லங்களில் மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்க்க, அது செந்நிறம் கொண்டு ஆரத்தியாகும் நிகழ்ச்சியும் இவ்வகையதே. ஆரத்தி சுற்றும் மூதாட்டி அறிந்தோ அறியாமலோ ஒரு காரத்தைச் சோதித்தறிகிறாள். இப்படியினின்ற பெயர்களில் பிழை புகுவதற்கு இடமில்லை. கண்டதையும் சுவைத்ததையும் மட்டுமே அவை சொல்லின.

3. ‘அடி’ என்னும் பெயர்

1754ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து உரூயேல் என்பார் ஒரு புதிய சொல்லை நிலைநாட்டினார். அமிலம் ஒன்று மற்றொரு பொருளோடு கூடி உப்பாகின்றது. அமிலங்கள் பெரும்பாலும் நீர்மங்களாகவும், ஆவியாகும் இயல்பினவாகவும் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தன. ஆகவே, உப்புக்குத் திண்ணிய உருவைத் தருவது அம்மற்றொரு பொருளே என்றும், அதுவே உப்பின் அடித்தளம் என்றும் அவர் கருதினார். அடித்தளம் என்னும் பொருள்படும் ‘பேசு’ என்ற சொல் இவ்வாறே வேதியியலில் நுழைந்தது. சாம்பற்காரமும் இதனுள் அடங்கும். நீரிற் கரையாத உலோக மண்களும் அடங்கும். காரம் என்னும் சிறிய வட்டத்தைச் சூழ்ந்து பெரியதொரு வட்டம் வரையப்பட்டது என்க.

இப்பெயருக்குக் காரணம் இருந்தது. ஆயின் அது கண்ணாற் கண்ட காரணமன்று. உப்பு எவ்வாறு உருவாகின்றது என்பது பற்றிய ஒரு கொள்கை. இந்த வேறுபாட்டை உளங்கொள்ளுதல் வேண்டும்.

4. ஆக்சிஜன்: பெயரில் புகுந்த பிழை

கொள்கையின் அடியாகப் பெயரிடுதல் எத்தகைய இடர்ப்பாட்டை விளைக்கும் என்பதற்குப் பிரெஞ்சு நாட்டு இலவாசியே இட்ட பெயரினும் சிறந்த சான்று இல்லை. கந்தகம், பாசுவரம், கரி ஆகியவற்றை எரித்துக் கிடைத்தவற்றை நீரிற் கரைத்தபொழுது அமிலம் உண்டாயிற்று. எரிதலில் கலந்துகொள்ளும் வளியே புளிப்புக்குக் காரணம் என்று இலவாசியே முடிவு செய்தார். கிரேக்க மொழியில் புளிப்பையும் பிறப்பித்தலையும் குறிக்கும் சொற்களை இணைத்து, ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்னும் பொருளில் ‘ஆக்சிஜன்’ என்ற பெயரை 1777இல் அமைத்தார். பத்தாண்டு கழிந்து, 1787இல், கைதன் தெ மோர்வோ, பெர்தொலே, பூர்க்குரோய் ஆகிய மூவருடன் சேர்ந்து வேதியியற் பெயரீட்டு முறையைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் இப்பெயரை உலகெங்கும் பரப்பியது. செருமானியர் அதனைத் தம் மொழியில் பெயர்த்துப் ‘புளிப்புப் பொருள்’ என்று பொருள்படும் ‘சௌவர்சுடோப்’ என்றனர்.

இலவாசியேயின் முறை பெரிதும் போற்றத்தக்கது. பொருளின் பெயரைக் கண்டதும் அதன் ஆக்கம் விளங்கவேண்டும் என்பது அவர் கருத்து. முழுமையான காரணப்பெயர்களால் ஆன ஒரு மொழியை அவர் விரும்பினார். ஆயினும் ஒன்றை அவர் காணத் தவறினார். கந்தகத்தை எரித்த வளி நீரோடு கூடிய பின்னரே அமிலமாயிற்று. அவர் நீரை ஒரு கரைப்பான் என்ற அளவில் நிறுத்திவிட்டார். நீர் கொடுத்த பங்கு ஹைட்ரஜன். புளிப்பைப் பிறப்பித்தது அதுவே. நீர் தனிப்பொருளன்று, இரு வளிகளின் கூட்டு என்று 1783இல் விளக்கியவரும், ‘நீரைப் பிறப்பிப்பது’ என்னும் பொருள்படும் ‘ஹைட்ரஜன்’ என்ற பெயரைப் பரப்பியவருள் ஒருவரும் அவரே. விடை அவர் கையிலேயே இருந்தது. வேறொரு பெயர் அணிந்து நின்றது.

5. தேவி காட்டிய வழி

இப்பிழையை வெளிப்படுத்தியவர் இலண்டன் நகரத்து அம்பிரி தேவி. 1807ஆம் ஆண்டில் அவர் மின்னோட்டத்தைக்கொண்டு எரிபொட்டாசையும் எரிசோடாவையும் பிரித்துப் பொட்டாசியம், சோடியம் என்னும் உலோகங்களைக் கண்டார். அமிலத்திற்கு நேர்மாறான இக்காரங்களில் ஆக்சிஜன் அடங்கியிருந்தது. புளிப்பைப் பிறப்பிப்பது என்று பெயர் பெற்ற பொருள் புளிப்பின் பகைவனிடத்திலும் குடியிருந்தது!

உப்பிலிருந்து பெறும் அமிலம் அடுத்த சான்றாயிற்று. அதிலும் ஆக்சிஜன் இருத்தல் வேண்டும் என்று நம்பிய இலவாசியே வழியினர், அதனோடு தொடர்புடைய பசுமஞ்சள் நிற வளியை ‘ஆக்சிஜன் ஏறிய அமிலம்’ என்ற பொருளில் அழைத்துவந்தனர். எவ்வளவு முயன்றும் அவ்வளியிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கத் தேவியால் இயலவில்லை. அது ஒரு தனிமம் என்று 1810இல் அறிவித்த அவர், அதன் நிறம் நோக்கிக் கிரேக்கச் சொல்லின் அடியாகக் ‘குளோரின்’ என்று பெயரிட்டார்.

இப்பெயரீட்டிற்குத் தேவி கூறிய காரணம் சொல்லாக்கத்தில் ஈடுபடுவார் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதித்துக்கொள்ளத் தக்கது. கண்ணுக்குப் புலனாகும் இயல்பாகிய நிறத்தை அடியாகக் கொண்டு பெயரிட்டால், பிற்காலத்தில் அப்பொருள் தனிமம் அன்று, கூட்டுப்பொருள் என்றே தெரியவந்தாலும் பெயர் பொய்யாகாது. அதனை மாற்றவேண்டிய கட்டாயமும் நேராது என்பது அவர் வாதம். கொள்கை மாறும், நிறம் மாறாது. ஒரு சொல்லாக்க நெறியாகவே இதனைக் கொள்ளலாம்.

பின்னர், 1838இல், செருமானிய அறிஞர் இலீபிக், உலோகத்தால் பெயர்க்கத்தக்க ஹைட்ரஜனை உடைய பொருளே அமிலம் என்று வரையறுத்தார். புளிப்பின் தாயகம் ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜனுக்கு மாறிற்று. ஆயினும் ஆக்சிஜன் என்ற பெயர் மாறவில்லை. காரணத்தை இழந்தும் அது நிலைத்துவிட்டது.

6. நீருள் நிகழ்வது

ஹைட்ரஜனை உடைய பொருள்கள் எண்ணிறந்தன. சர்க்கரையிலும் ஹைட்ரஜன் உண்டு. ஆயினும் அது அமிலமாக ஒழுகுவதில்லை. எனவே ஹைட்ரஜன் இருத்தல் மட்டும் போதாது. நீரில் அது என்ன ஆகிறது என்பதே வினா.

இவ்வினாவிற்கு விடை காண உதவிய சொற்கள், மின்னியலறிஞர் பாரடேயும் கேம்பிரிட்சுப் பேரறிஞர் வில்லியம் ஊவெல்லும் 1834இல் மடல்வழி கலந்துரையாடியதன் பயனாகப் பிறந்தன. கிரேக்கம் வல்ல ஊவெல் ‘செல்வது’ என்னும் பொருள்படும் ‘அயான்’ என்ற சொல்லை எடுத்துக்கொடுத்தார். நாம் அதனை அயனி என்கிறோம். மின்முனையை நோக்கிச் செல்வது அயனி. அஃது எதனால் ஆயது, எவ்வாறு பிறந்தது என்பன பற்றி அப்பெயர் ஒன்றும் பேசவில்லை. காணும் செயலாகிய செலவை மட்டுமே சொல்லிற்று. அயனி பற்றிய கொள்கை பின்னர் முற்றிலும் மாறியபொழுதும் அச்சொல்லுக்கு ஊறு நேராமை இதனாலேயாம். மின்னோட்டமே அயனிகளைப் பிரிக்கிறது என்று பாரடே கருதினார். மின்னோட்டம் வருமுன்னரே அவை நீரில் பிரிந்து கிடக்கின்றன என்று பின்னர்க் கண்டவர் சுவீடன் நாட்டு சுவாந்தே அர்ரீனியசு.

அர்ரீனியசு 1859இல் பிறந்தவர். கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்துதல் பற்றிய தம் ஆய்வேட்டை 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். ஆய்ந்தோர் அதனை ஏற்றுக்கொண்டனராயினும் மிகத் தாழ்ந்த தரமே வழங்கினர். இரீகா நகரத்திலிருந்த ஆசுவால்டு அவ்வேட்டின் அருமையை உணர்ந்து, அவ்வாண்டிலேயே உப்சாலாவுக்கு நேரிற் சென்று இளைஞரைக் கண்டார். ஆலந்து நாட்டு வாந்தாப் கரைசல்களின் அழுத்தம் பற்றிச் செய்த ஆய்வும் துணையாயிற்று. 1887இல் அர்ரீனியசு தம் கொள்கையைத் தெளிவுற வெளியிட்டார்: உப்பும் அமிலமும் காரமும் நீரிற் கரைந்த அளவிலேயே மின்னேற்ற அயனிகளாகப் பிரிகின்றன. நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம். ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம்.

இதனை எளிதில் ஏற்றார் இலர். சோடியம் நீரிற் பட்டால் சீறி எழும். குளோரின் நச்சு வளி. இவ்விரண்டும் உப்பு நீரில் பிரிந்து கிடக்குமாயின் அதனை எவ்வாறு உண்கிறோம் என்று வினவினர். மின்னேற்றம் பெற்ற அயனியின் இயல்பு, ஏற்றமில்லா அணுவின் இயல்பினின்று முற்றிலும் வேறு என்பதே விடை. கொள்கைக்கு ஆதரவாக மூன்று சான்றுகள் நின்றன.

ஒன்று: ஒரு பொருளைக் கரைத்தால் நீரின் உறைநிலை தாழும். எத்தனைத் துகள்கள் கரைந்தன என்பதைப் பொறுத்தே அத்தாழ்வு அமையும். சம எண்ணிக்கை மூலக்கூறுகளைக் கொண்ட சர்க்கரையையும் உப்பையும் தனித்தனியே கரைத்தால், நீர்த்த கரைசலில் உப்பு ஏறத்தாழ இருமடங்கு தாழ்வை உண்டாக்குகிறது. ஒன்று இரண்டாகப் பிரிந்தமையை இது காட்டும்.

இரண்டு: வன்மையான அமிலம் எதனையும் வன்மையான காரம் எதனோடும் நீர்த்த கரைசலில் கலந்தாலும், உண்டாகும் ஒரு மோல் நீருக்கு ஏறத்தாழ 57 கிலோசூல் வெப்பமே வெளிப்படுகிறது. பொருள்கள் வேறாயினும் வெப்பம் ஒன்றாதல் எவ்வாறு? உண்மையில் நிகழ்வது ஒரே நிகழ்ச்சி: ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராகின்றன. ஏனைய அயனிகள் வாளாவிருக்கின்றன.

மூன்று: வன்மை, மென்மை என்னும் வேறுபாடு விளங்கிற்று. லிட்டருக்கு 0.1 மோல் அளவிற் கரைத்த ஹைட்ரோகுளோரிக அமிலம் முற்றிலும் அயனியாகின்றது. அதே அளவு கரைந்த காடியமிலத்தில், அஃதாவது அசெட்டிக அமிலத்தில், நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 பங்கே அயனியாகின்றது. வன்மை என்பது பிரியும் பங்கு. செறிவு என்பது கரைந்த அளவு. பொதுவழக்கில் இவ்விரு சொற்களும் மயங்குகின்றன, அறிவியலில் மயங்கலாகா.

தாழ்ந்த தரம் பெற்ற ஆய்வேட்டில் தோன்றிய இக்கருத்துக்காக 1903ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அர்ரீனியசுக்கு வழங்கப்பட்டது.

7. கோடியில் ஒரு பங்கு

நீர் வெறும் கரைப்பான் அன்று என்பதும் இதன்பின் தெளிவாயிற்று. எத்துணைத் தூய்மைப்படுத்தினும் நீர் சிறிதளவு மின்சாரத்தைக் கடத்தும் என்று 1894இல் கோல்ராசு, ஐடுவெய்லர் ஆகிய இருவரும் அளந்து காட்டினர். நீரின் மூலக்கூறுகளே மிகச் சிறுபான்மை பிரிந்து நிற்றல் இதற்குக் காரணம். 25 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் ஹைட்ரஜன் அயனி மோலின் கோடியில் ஒரு பங்கு உண்டு. ஹைட்ராக்சைடு அயனியும் அவ்வளவே. வேறு வகையாற் கூறின், ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளில் ஒன்று பிரிந்துள்ளது.

ஓர் அயனி மிகுந்தால் மற்றது குறையும். இரண்டன் பெருக்கம் மாறாது. துலாக்கோலின் இரு தட்டுகள் போல இவை ஒழுகும். இவ்வளவுகளைச் சுருங்கச் சொல்லும் பொருட்டு, 1909ஆம் ஆண்டில் கோபன்ஃகேகன் நகரத்துக் கார்ல்சுபெர்க்கு ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் என்பார் ‘பிஎச்’ என்னும் அளவீட்டை அமைத்தார். கோடி என்னும் எண்ணில் ஏழு சுழிகள் உள்ளன அல்லவா? அந்த ஏழே தூய நீரின் பிஎச். ஏழினும் குறைந்தால் அமிலத்தன்மை, மிகுந்தால் காரத்தன்மை. ஒரு படி மாறினால் அயனியின் செறிவு பத்து மடங்கு மாறும்.

எனினும் ஓர் இடர் எஞ்சிற்று. அம்மோனியா நீரில் காரமாக ஒழுகும். ஆயின் அதனிடத்தில் தருவதற்கு ஹைட்ராக்சைடு இல்லை. 1923இல் கோபன்ஃகேகன் நகரத்துப் பிரான்செட்டும் இங்கிலாந்து நாட்டு இலௌரியும் தனித்தனியே ஒரே தீர்வைக் கண்டனர். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம். அம்மோனியா நீரிலிருந்து ஒரு புரோட்டானை ஏற்கிறது. எஞ்சிய நீர் ஹைட்ராக்சைடு ஆகிறது. அமிலம் கரையும்பொழுதோ நீரே புரோட்டானை ஏற்கிறது. கொடுப்பாரிடம் ஏற்றும், ஏற்பாரிடம் கொடுத்தும் ஒழுகுவது நீர். இலவாசியே கண்டும் காணாது விட்ட நீர், நாடகத்தின் தலைமை மாந்தர் ஆயிற்று. அமிலம், காரம் என்பன பொருள்களின் நிலையான பெயர்கள் என்பதினும், ஒரு நிகழ்ச்சியில் அவை ஏற்கும் வினைகளின் பெயர்கள் என்பதே பொருந்தும்.

8. தமிழ்ச் சொற்களின் நிலை

இனித் தமிழுக்கு வருவோம். அர்ரீனியசின் ஆய்வேட்டுக்கு ஒன்பதாண்டு முன்னரே, 1875இல், யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் தமிழில் வெளிவந்துவிட்டது. 1916இல் இராசாசி முதலானோர் சேலத்தில் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் அமைத்தனர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற்கள் நூலாக வந்தன. இவ்வுழைப்பின் பயனை இன்றைய பாடநூல்கள் துய்க்கின்றன. ஆயினும் ‘காரம்’ என்னும் சொல்லில் மூன்று மயக்கங்கள் உள்ளன.

முதலாவது, சுவை மயக்கம். மிளகாயின் உறைப்பையும் காரம் என்கிறோம். சோடா உப்பின் இயல்பையும் காரம் என்கிறோம். சொல்லின் வேர் எதுவாயினும், மாணவன் செவியில் ஒலி ஒன்றே. மிளகாயின் உறைப்புக்கும் வேதியியற் காரத்திற்கும் தொடர்பில்லை. நீர்த்த காரக்கரைசல் கைக்குமேயன்றி உறைக்காது.

இரண்டாவது, அகல மயக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் உரூயேல் வரைந்த பெரிய வட்டத்தைக் காரம் என்றும், அதனுள் நீரிற் கரையும் சிறிய வட்டத்தை எரிகாரம் என்றும் வழங்குகின்றன. ஆயின் ‘கார உலோகங்கள்’ என்னும் தொடரில் காரம் சிறிய வட்டத்தையே குறிக்கின்றது. ஒரு நூலிலேயே ஒரு சொல் இரு பொருளில் வருகின்றது. இலங்கைப் பாடநூல்களோ பெரிய வட்டத்தை மூலம் என்றும், சிறியதைக் காரம் என்றும் வழங்குகின்றன. காரம் என்னும் சொல் சாம்பலுப்பைக் குறித்த பழம்பொருளோடு இவ்வழக்கே ஒத்துச் செல்கின்றது. கார உலோகம் என்பதும் முரணின்றி நிற்கின்றது. மூலம் என்பது உரூயேலின் ‘அடித்தளம்’ என்னும் கருத்தை ஏந்திய பெயர். மூலக்கூறு, மூலகம் முதலியவற்றோடு ஒலியால் நெருங்குதல் அதன் குறை. எனினும், தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த யான் நடுநிலையோடு நோக்குங்கால், இந்த ஓரிடத்தில் ஈழத்து வழக்கே செப்பமுடையது என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

மூன்றாவது, பெயர் மயக்கம். மாணவியின் ஐயம் இங்கே எழுந்ததாகும். மருத்துவ நூல்களிலும் வழக்கிலும் காரம் என்பது அரிக்கும் அல்லது எரிச்சலூட்டும் உப்புகளின் பொதுப்பெயராக நின்றது. வெங்காரம், சவர்க்காரம், அப்பளக்காரம், படிக்காரம் என்பன அவ்வரிசையில் எழுந்தவை. முதல் மூன்றும் நீரிற் காரமாகவே ஒழுகுகின்றன. சவர்க்காரத்தில் உள்ள கொழுப்பமில அயனி நீரிலிருந்து புரோட்டானை ஏற்பதால் ஹைட்ராக்சைடு மிகுகின்றது. படிக்காரத்தின் ஒழுக்கம் இதற்கு மாறானது. அதில் உள்ள அலுமினிய அயனி மூன்று நேர்மின்னேற்றம் உடையது. நீரிற் கரைந்ததும் ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சூழ இறுகப் பற்றிக்கொள்கின்றது. அப்பற்றினால் அம்மூலக்கூறுகளில் ஹைட்ரஜனின் பிணைப்புத் தளர்கின்றது. புரோட்டான் ஒன்று அயலிலுள்ள நீருக்குச் செல்கின்றது. ஆகவே கரைசல் அமிலமாகின்றது, நீலத்தாள் சிவக்கின்றது. பெயரில் காரமும் நீரில் அமிலமும் ஆய பொருள் இது.

9. முடிவுரை

படிக்காரம் என்று பெயரிட்டோர் பிழை செய்தனரா? இல்லை என்க. அவர்கள் கருதிய காரணம் வேறு. நாம் அச்சொல்லின்மீது பின்னர் ஏற்றிய பொருள் வேறு. பழைய சொல்லொன்றைப் புதிய அறிவியற்குக் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்ட நாம், அதன் பழைய உறவினரை மறந்தோம். ஆக்சிஜன் பெயரிலிருந்த காரணத்தை இழந்தது. படிக்காரம் காரணம் இழவாமலே, அதனை இழந்ததுபோலத் தோற்றமளிக்கின்றது. சொற்பொருளின் காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் கூறிய கருத்து இரண்டிற்கும் பொருந்தும்.

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன மூன்று. முதலாவது, நிலைத்துவிட்ட பெயர்களை மாற்ற முற்படுதல் வேண்டுவதில்லை. செருமானியர் தம் ‘புளிப்புப் பொருளை’ இன்றும் கைவிட்டிலர். அதனால் அவர்தம் வேதியியல் தளர்ந்ததுமில்லை. இரண்டாவது, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் காரம் என்று வருமிடத்து மூலம் என்னும் ஈழ வழக்கையும் உடன் தருதல் வேண்டும். காரம் மிளகாயின் உறைப்பன்று என்பதை முதற் பாடத்திலேயே உரைத்தல் வேண்டும். இரு கரையிலும் தமிழில் கற்கும் மாணவர் ஒருவர் நூலை ஒருவர் படிக்க இயலாமற்போவது சிறிய இழப்பன்று. மூன்றாவது, இனிப் புதிய சொல் படைப்பார் தேவியையும் ஊவெல்லையும் வழிகாட்டிகளாகக் கொள்ளுதல் நன்று. காணும் இயல்பையும் செயலையும் அடியாகக் கொண்ட பெயர், கொள்கைகள் மாறினும் பொய்படாது நிற்கும்.

கலைச்சொல் அகராதிகள் இன்று சொல்லுக்குச் சொல் தருவதோடு அமைகின்றன. சொல்லின் வரலாற்றையும் ஓரிரு வரிகளில் அவை தருமாயின், ஐயுற்று எழும் மாணவர்க்கு ஆசிரியர் அன்றே விடை கூறலாம். அப்பணி வேதியியலார் தனித்துச் செய்வதும் அன்று, தமிழாசிரியர் தனித்துச் செய்வதும் அன்று. பாரடேயும் ஊவெல்லும் போல இருவரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணியாகும் அது.